உங்களுக்குத் தெரியுமா? பேஸ் கிட்டாரின் குமிழும் கழற்றும் பக்குவமும்

● பேஸ் கிட்டாரில் நீங்கள் திருகும் குமிழ் வெறும் தொப்பிதான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையெல்லாம் அதன் அடியில், மரத்துக்குள் ஒளிந்திருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கு உரியது. கண்டிக் கடைகளில் மேலே இருப்பதை ‘நொப்’ என்பார்கள், உள்ளே இருப்பதை ‘பொட்’ என்பார்கள். பொட்டுக்குள் குதிரை லாட வடிவில் ஒரு கரித்தடம் இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு உலோக விரல் உரசிக்கொண்டு போகும். அந்த விரலைத் தள்ளும் தண்டுதான் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொப்பியைத் தவறாகப் பிடுங்கினால் தண்டு ஆடும், கரித்தடம் கெடும், வயர் அறும். பல பொட்டுகள் பழுதாவது வாசிக்கும்போது அல்ல, குமிழைக் கழற்றும்போதுதான். அதனால்தான் இம்முறைத் துணுக்குகள் முழுவதையும் இந்தச் சின்னத் தொப்பிக்கே ஒதுக்குகிறேன்.

● கை வைக்கும் முன் கண்ணை வையுங்கள். குமிழின் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை தெரிகிறதா? தெரிந்தால் அது திருகாணியால் பிடித்த குமிழ். எவ்வளவு இழுத்தாலும் வராது, இழுக்கவும் கூடாது. துளை இல்லையென்றால் அழுத்திச் செருகிய குமிழ். திருகிப் பயனில்லை, நேராக மேலே இழுத்தால் வரும். கச்சேரிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் முதல் வகையை இரண்டாவது வகை என்று நினைத்துப் பிடுங்கியவர்கள்தான் பழுது பார்ப்பவரின் மேசைக்கு அதிகம் வருகிறார்கள்.

● அந்தத் துளைக்குள் இருக்கும் தலையில்லாத் திருகாணிக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஓர் உறவு உண்டு. பழைய தொழிற்சாலைகளில் கூரையோரமாக நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழலும்; அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு யந்திரத்தையும் ஓட்டும். தண்டில் கப்பிகளை இறுக்கிப் பிடித்த திருகாணிகளின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சுழலும் வேகத்தில் அந்தத் தலை தொழிலாளியின் சட்டையைக் கவ்வும். கையும் உயிரும் போயின. தலையை அடியோடு நீக்கி, உள்ளே அறுகோணக் குழி வைத்த பாதுகாப்புத் திருகாணி அதற்கு வந்த மாற்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஆலன் என்பவர் 1910-இல் இதன் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் சொல்லும் ‘அலன் கீ’ அவருடைய பெயர்தான். கண்டியிலிருந்து ஹந்தானை மலையேறினால், 1925-இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே பழைய யந்திரங்களின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சுழலும் தண்டும் சட்டை நுனியும்தான் நினைவுக்கு வரும். இசைக்கருவியில் உள்ள இந்தச் சிறு திருகாணி தொழிலாளியைக் காக்கப் பிறந்த ஒன்று.

● அமெரிக்கத் தயாரிப்புப் பேஸ்களில் இந்தத் திருகாணிக்குப் பெரும்பாலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குச் சாவி வேண்டும். மில்லிமீட்டரில் சொன்னால் 1.59. ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 1.5 சாவியைப் பெரிய குழிக்குள் விட்டுத் திருகினால் அறுகோணத்தின் மூலைகள் மழுங்கி, குழி வட்டமாகிவிடும். பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. ஹார்ட்வெயார் கடையில் அங்குல அளவுச் சாவிக்கட்டு ஒன்றையும் மில்லிமீட்டர் அளவுக் கட்டு ஒன்றையும் சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள். சாவி குழிக்குள் ஆடாமல் உட்கார்ந்தால்தான் திருக வேண்டும். ஆடுகிறது என்றால் மற்றக் கட்டை எடுங்கள்.

● செருகிய குமிழைக் கழற்ற மிகச் சிறந்த கருவி உங்கள் சப்பாத்தில் இருக்கிறது. ஆம், சப்பாத்துக் கயிறு. அதைக் குமிழின் அடியில், குமிழுக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, கூரையைப் பார்த்து நேராக இழுங்கள். வராவிட்டால் கயிற்றைக் கால்வட்டம் நகர்த்தி மறுபடி இழுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் குமிழ் மெல்ல மேலேறும். கயிறு நுழைய இடமில்லை என்றால் மெல்லிய பருத்தித் துணியின் ஓரத்தைக் கத்தி முனை படாமல் நகத்தால் உள்ளே தள்ளுங்கள். துணி முழுதும் குமிழைச் சுற்றி வந்ததும் மேலே கூட்டிப் பிடித்து இழுத்தால் போதும். ஈரமாகி இறுகிப்போன குமிழுக்கு இரண்டு தேக்கரண்டிகள் உதவும். உடலின்மேல் மடித்த துணியை விரித்து, எதிரெதிர்ப் பக்கங்களில் கரண்டி நுனிகளைச் செருகி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் தண்டு வளையும். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் தயவுசெய்து அந்த இடுக்கில் விடாதீர்கள். அது குமிழைத் தூக்குவதற்கு முன் வார்னிஷைக் குழியாக்கிவிடும். அந்தக் குழி அந்தப் பேஸின் ஆயுள் முழுதும் இருக்கும்.

● சில பேஸ்களில் குமிழை மேலே இழுத்தால் அதுவே ஒரு சுவிட்சாக வேலை செய்யும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் இணைப்பு மாறும், அல்லது உள்ளிருக்கும் பெருக்கி அணைந்துவிடும். இப்படிப்பட்டதில் குமிழோடு தண்டும் சற்று மேலே வந்து ‘டிக்’கென்று நிற்கும். ‘வருகிறதே’ என்று மேலும் பலமாக இழுத்தால் சுவிட்சின் உள்ளுறுப்பு கழன்றுவிடும். அங்கே ஒரு கையால் மரத்துக்கு மேலே தெரியும் தண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குமிழைச் சிறிது சிறிதாக மேலே நகர்த்துவதே வழி.

● கழற்றும் முன் குமிழை இடப்பக்கம் முழுதும் திருப்பிப் பூச்சியத்தில் நிறுத்துங்கள். பொட்டின் தண்டு முழு வட்டம் சுற்றாது. ஏறத்தாழ 300 பாகைதான். கடிகார முகத்தில் 7 மணியிலிருந்து 5 மணி வரை என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சியத்தில் நிறுத்திக் கழற்றி, பூச்சியத்திலேயே திருப்பிப் பூட்டினால் குமிழில் உள்ள கோடு பழைய இடத்திலேயே வந்து நிற்கும். இரண்டு பிக்கப்புகளைக் கலக்கும் குமிழுக்கு மட்டும் விதி வேறு: அதற்கு நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், விரலுக்குத் தெரியும். அதை நடுப்பள்ளத்தில் நிறுத்தித்தான் கழற்ற வேண்டும்.

● செருகுகுமிழின் தண்டில் நுனி முழுதும் பல் வெட்டியிருக்கும். அந்தப் பற்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்க வகைத் தண்டில் 24. மெட்ரிக் தண்டில் 18. தண்டின் குறுக்களவும் சற்று வேறாக இருக்கலாம். வெளியூரிலிருந்து ஆசையாக வரவழைத்த குமிழ் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இதுதான் காரணம். பெரிய குமிழ் சின்னத் தண்டில் கழன்று விழும். சின்னக் குமிழைப் பெரிய தண்டில் அடித்து இறக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். பணம் கொடுக்கும் முன் பழைய குமிழைக் கழற்றி, பல்லை எண்ணி, குறுக்களவைப் பாருங்கள்.

● தண்டின் நடுவே ஒரு பிளவு இருக்கிறதே, அது உடைசல் இல்லை. குமிழை உள்ளிருந்து விரித்துப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே வெட்டியது. குமிழ் தளர்ந்துவிட்டால் மெல்லிய தகட்டை அந்தப் பிளவில் விட்டு மயிரிழை அளவு விரித்தால் பிடிப்பு திரும்பும். அதிகம் விரித்தால் பித்தளைப் பாதி ஒடிந்து கையோடு வரும். விரிக்கப் பயமாக இருந்தால், தண்ணீர்க் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் குமிழை இறக்குங்கள். பசை வேண்டாம். பசை போட்டு ஒட்டிய குமிழை அடுத்த முறை கழற்றுவது என்பது உடைப்பதுதான்.

● திருகாணிக் குமிழைப் பிளவுத் தண்டில் மாட்டினால் சுழலும்போது குமிழ் தள்ளாடும். திருகாணி ஒரு பாதியை அழுத்த, பிளவு மூடிக்கொண்டு குமிழ் சாய்ந்துவிடும். பிளவுக்குள் அதே கனத்தில் ஒரு பித்தளைத் துண்டைச் செருகிவிட்டு இறுக்கினால் தள்ளாட்டம் நிற்கும். முழுத் தண்டும் உருளையாக இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் சப்பையாகச் சீவியிருந்தால், திருகாணி அந்தச் சப்பைப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

● குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப அது நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறதா? குமிழில் கோளாறு இல்லாமல் இருக்கலாம். குமிழுக்கு அடியில், பொட்டை உடலோடு பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து, முழுப் பொட்டும் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு சுழற்சிக்கும் வயர் முறுக்கேறும். முதலில் கரகர என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். இந்த அறிகுறி தெரிந்த அன்றே குமிழைக் கழற்றி, பின்பக்கம் மூடியைத் திறந்து, பொட்டை விரலால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பின்னால் பிடிக்காமல் முன்னால் மட்டும் இறுக்கினால், அறாமல் இருந்த வயரை நாமே அறுத்ததாகும். பேட்டரி போட்ட பேஸ் என்றால் முதலில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும் வரை அந்த 9 வோல்ட் பேட்டரி உயிரோடு இருக்கும்.

● திருப்பிப் பூட்டும்போது குமிழ் மரத்தில் உரசக்கூடாது. உரசினால் சில மாதங்களில் வார்னிஷில் வட்டமாக ஒரு தடம் விழும். கனமான கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் குமிழின் அடியில் வைத்து, குமிழை அதன்மேல் அமர்த்தி, திருகாணியை இறுக்கிவிட்டுப் பத்திரிகையை உருவுங்கள். மிச்சமாகும் இடைவெளி சரியாக இருக்கும். பழுது பார்ப்பவர்கள் விசிட்டிங் கார்டு வைப்பார்கள். பத்திரிகைதான் நம் வீட்டில் தட்டுப்பாடில்லாத சாமான்.

● இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பேஸின் தடித்த ‘ஈ’ தந்தியை வெறுமனே மீட்டினால் 41.2 ஹேர்ட்ஸ். அதே தந்தியின் மூன்றாம் கட்டில் அழுத்தினால் வரும் ‘ஜி’ 49 ஹேர்ட்ஸ். அதாவது கண்டியில் அம்ப் முணுமுணுக்கும் மின் இரைச்சலும் உங்கள் ‘ஜி’ சுரமும் கிட்டத்தட்ட ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகைகளில் இரு வொலியூமையும் ஒரே அளவில் வைத்தால் இந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். இரண்டு பிக்கப்புகளின் கம்பிச்சுற்றும் காந்தமுனையும் எதிரெதிராக இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. குமிழ்களைக் கோணலாகப் பூட்டியவருக்கு அந்த ‘ஒரே அளவு’ எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது.

● பொட்டின் முதுகில் ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். இன்றைய வழக்கில் ‘பி’ என்பது சீராக ஏறுவது. ‘ஏ’ என்பது முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது. நம் செவி ஒலியைக் கூட்டலாக அளப்பதில்லை, மடங்காக அளக்கிறது. அதனால் வொலியூமுக்கு ‘ஏ’ வகையே இயல்பாகக் கேட்கும். குமிழைச் சிறிது திருப்பியதுமே சத்தம் ஒட்டுமொத்தமாகப் பாய்ந்துவிட்டது என்றால், குமிழைக் குறை சொல்லாமல் பொட்டின் முதுகைப் பாருங்கள்.

● சீராக ஏறாத மின்தடைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பியானோக் கலைஞர் மேரி ஹாலொக் கிரீன்வால்ட். இசைக்கேற்ப நிற ஒளியை ஏற்றி இறக்கும் ஒரு கருவியைச் செய்ய முனைந்தார். அதற்காகவே புதுவகை மின்தடையை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதை மீறியதாக வழக்குத் தொடுத்து 1934-இல் வெற்றியும் கண்டார். ஒரு குமிழை மெல்லத் திருப்பி வெளிச்சத்தை மங்கச் செய்யும் சுகத்தில் அவர் பங்கு இருக்கிறது. அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

● பழைய அமெரிக்கப் பொட்டின் முதுகில் இருக்கும் எண் அதன் ஜாதகம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனம். 304 என்றால் ஸ்டாக்போல். பெரும்பாலும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376633 என்றால் சிடிஎஸ், 1966-ஆம் ஆண்டு, 33-ஆம் வாரம். பழைய பேஸ் ஒன்றை விலை பேசும்போது இது உதவும். ஆனால் பொட் செய்த தேதிதான் அது, கிட்டார் செய்த தேதி அதற்குப் பிந்தியதாக இருக்கும்.

● லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தது; இரண்டே குமிழ், ஒன்று வொலியூம், ஒன்று டோன். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் குமிழ்மேல் குமிழாக இரட்டை அடுக்கு. 1962 வாக்கில் அதை விட்டுத் தனித்தனியாக மூன்று குமிழ் வைத்தார்கள். அடுக்குக் குமிழ் உங்களிடம் இருந்தால் மேலே உள்ளதன் திருகாணியை முதலில் தளர்த்திக் கழற்றுங்கள், பிறகு கீழே உள்ளது. பூட்டும்போது கீழே உள்ளது முதல். இரண்டுக்கும் இடையில் ஒரு தாள் புகும் இடம் விடாவிட்டால் ஒன்றைத் திருப்ப இரண்டும் திரும்பும்.

● பால் மெக்கார்ட்னியால் புகழ்பெற்ற ஜேர்மனியின் ஹோஃப்னர் வயலின் வடிவப் பேஸில் உள்ள ஒரு வகைக் குமிழுக்கு ‘தேநீர்க் கோப்பை’ என்றே பெயர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது கொஞ்சம் உரிமையோடு மகிழத் தோன்றுகிறது.

● கண்டிக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் வைத்த பேஸின் திருகாணியும் துருவேறும். துருப்பிடித்த திருகாணியை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். துருவிளக்கும் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு துளி குழிக்குள் விட்டு, சுற்றிலும் டிஷ்யூத் தாள் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையிலும் அசையாவிட்டால், ஈயம் பற்றவைக்கும் இரும்பின் முனையைச் சில விநாடி திருகாணிமேல் வைத்து எடுங்கள். சூட்டில் விரிந்து, ஆறும்போது துருவின் பிடி விடும். பிளாஸ்டிக் குமிழுக்கு இந்தச் சூடு ஆகாது. கருவியைப் பெட்டிக்குள் வைக்கும்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகள் இரண்டைப் போட்டு வைப்பது இந்த ஊருக்கு ஆடம்பரமல்ல.

● கரகரப்புக்காகக் குமிழைக் கழற்றுபவர்கள் பலர் தண்டின் வழியே எண்ணெய் விடுகிறார்கள். அது கரித்தடத்தைச் சேராது; சேர்ந்தாலும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலக்ட்ரோனிக் கடையில் ‘கொன்டாக்ட் கிளீனர்’ என்று கேட்டு வாங்கி, பின்பக்கம் திறந்து, பொட்டின் ஓரத்துத் திறப்பில் ஒரு சொட்டு அடித்துவிட்டு, தண்டை 20, 30 தடவை இங்குமங்கும் திருப்புங்கள்.

● மரத்தில் கடைந்த குமிழ்களும் பேஸுக்கு உண்டு. நேரடியாகத் தண்டில் இறக்கினால் மரம் பிளந்துவிடும் என்பதால் உள்ளே பித்தளைக் குழாய் பொருத்துவார்கள். கண்டிப் பகுதியின் அரக்குக் கடைசல்காரர்கள் மரத்தைச் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் அப்படியே மின்னும். அந்தக் கைகளில் கடைந்த ஒரு குமிழ் ஒரு பேஸில் உட்கார்ந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! யாராவது ஓர் இளைஞர் செய்து பார்க்க வேண்டும்.

● 1966-இல் உருவான ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் சேர்ந்து சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். தமிழில் ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல்கள் அடுத்த பத்தாண்டில் கல்யாண வீடுகளை ஆட வைத்தன. இந்தப் பாட்டுகளைக் கேட்டு ஆடுபவர்களின் காலடியில் அதிர்வது பேஸ்தான். கடல் தாண்டிச் சென்னையில் இளையராஜாவின் பாட்டுகளுக்குச் சசிதரனும் ரஹ்மானின் பாட்டுகளுக்கு கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வரிகளை நம் தேநீர்க் கடை ரேடியோக்கள் நாள் முழுதும் ஒலிக்கவிட்டிருக்கின்றன. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் பாதிதான் கேட்கும். நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

● தலையில்லாத் திருகாணியின் நீளம் சில மில்லிமீட்டர்தான். கையிலிருந்து நழுவினால் சிமெந்துத் தரையில் குதித்து அலுமாரிக்கு அடியில் போய்விடும். வேலை தொடங்கும் முன் மேசையில் வெள்ளைத் துணியை விரியுங்கள். திருகாணியை முழுதாக வெளியே எடுக்கத் தேவையும் இல்லை. இரண்டு சுற்றுத் தளர்த்தினால் குமிழ் வந்துவிடும், திருகாணி குமிழிலேயே தங்கும். அப்படியும் விழுந்துவிட்டதென்றால் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றித் தரையெல்லாம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அது எஃகு, ஒட்டிக்கொண்டு வரும்.